எட்டுக் கதவுகளுக்கு நடுவே ஒரு தக்காளிச் செடி

ஞாயிற்றுக்கிழமை காலை. சவரம் செய்யலாம் என்று குவளைக்குள் பிரஷ்ஷை விட்டேன். போகவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு தக்காளிச் செடி நின்றுகொண்டிருந்தது. நாலே நாலு இலை. அதற்கே என்ன திமிர்!

"ஏய்! என் குவளையில என்ன இது?"

"தக்காளி" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"அது தெரியுது. என் குவளையில எதுக்கு?"

"என் குவளையிலெல்லாம் கத்தரிக்காய் இருக்குங்க."

வீட்டைச் சுற்றி வந்தேன். அப்போதுதான் ஆபத்தின் அளவு தெரிந்தது. ஜன்னல் திண்டு முழுக்க முட்டை ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிளகாய் நாற்று. டம்ளரில் பூசணி. பால்மாவு டின்னில் பீன்ஸ். ஐந்து வயது மகள், வீட்டில் எல்லாரும் 'வாண்டு' என்று கூப்பிடுகிற மகாராணி, தன் பழைய ஷூ இரண்டிலும் புதினா வளர்த்திருந்தாள். குளிர்காலம் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் என் வீடு நாற்றங்கால் ஆகிவிட்டது!

"மொத்தம் நாப்பத்திரண்டுங்க" என்றாள் மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்று. "வேர் சுத்திக்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வாரம் மண்ணுல வைக்கலைன்னா ஒண்ணுகூடத் தேறாது. பின்பக்கத்தைக் காலி பண்ணிக் குடுங்க."

பின்பக்கம்! அங்கேதான் கை வைக்கிறாள்!

நீங்கள் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவும் ஜன்னலும் வாங்கி விற்பது என் தொழில். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. எனக்கும் அதற்கும் நாலாம் வகுப்பில் தகராறு. மிச்சப் படிப்பெல்லாம் தெருவில், ஏமாந்து ஏமாந்து படித்தது. அதனால் இன்றைக்கு என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கடையில் இடம் போதாமல் எட்டுக் கதவையும் பத்து ஜன்னலையும் வீட்டுப் பின்பக்கம் சாத்தி வைத்திருந்தேன். சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நிற்கும். பார்த்தாலே நெஞ்சு நிமிரும். இரண்டு வருஷமாக நிமிர்ந்துகொண்டே இருக்கிறது.

"அது சரக்கு!" என்றேன். "சரக்கு நிக்கிற இடத்துல கத்தரிக்காய் நிக்குமா?"

"சரி, பாதி குடுங்க."

"முடியாது."

"கால்வாசி?"

"ஒரு சாண்கூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டு, திரும்பி விறுவிறுவென்று நடந்தேன்.

இது என் தொழில் ரகசியம். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். பேரம் முறியும்போது திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பத்து அடிக்குள் எதிராளி "இருங்க, இருங்க" என்று கூப்பிட்டுவிடுவான். பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

பத்து அடி நடந்தேன். வாசல் வந்தது. இன்னும் பத்து அடி. தெருமுனை வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சவரம் செய்யாத முகம், கையில் காய்ந்த பிரஷ். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ரொட்டியைப் பார்த்தார். திரும்பி வந்தேன்.

"வந்துட்டீங்களா? உக்காருங்க" என்றாள் மனைவி. "அந்தக் கதவெல்லாம் விலை போகாதுதானே? அதான் சொல்றேன்..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "விலை போகாதா? யாரைப் பாத்து என்ன பேசறே? எட்டுக் கதவுக்கு எண்பது பேர் நிக்கறான்! நான்தான் யாருக்கும் குடுக்கல!"

"அப்படியா? அப்ப இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வித்துருங்க."

"வித்தா?"

"வித்துட்டா பின்பக்கம் எனக்கு. விக்கலைன்னா உங்களுக்கே. நாப்பத்திரண்டு செடியையும் நானே குப்பைத் தொட்டியில போட்டுடறேன்."

"அம்மா!" என்று அலறினாள் வாண்டு, புதினா ஷூவை அணைத்துக்கொண்டு.

மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். விற்றால் காசு. விற்காவிட்டால் இடம். எந்தப் பக்கம் விழுந்தாலும் மெத்தை! இப்படி ஒரு பேரத்தைக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாளே, பாவம், வெகுளி என்று நினைத்தேன்.

"சம்மதம்!" என்றேன்.

"அப்ப மத்தியானச் சமையலும் உங்களுதுதான். நான் கடைசியா ஒருநாள் செடிங்களோட இருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரக்கம் வந்துவிட்டது. ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் வந்தார். ஊரே அவரை 'பிரேக் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். பஸ்ஸை எப்படி ஓட்டுவாரோ தெரியாது. பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை ஒரு நிறுத்தம்.

"தம்பி... அந்த ஜன்னல்... குடுப்பீங்களா?"

என் காதையே நம்ப முடியவில்லை. "எதுக்குண்ணே?"

"செடி... வளக்கலாம்னு. இன்னும் ராத்திரியில... குளிர் இருக்குல்ல? பலகையில... நாலு பக்கமும் அடிச்சு... மேல கண்ணாடி ஜன்னல மூடி வச்சா... நாத்துக்கு நல்லதாம்."

கண்ணாடிப் பெட்டி! என் மண்டைக்குள் பட்டாசு வெடித்தது. கதவைப் பிரித்தால் பலகை. பலகையை அடித்தால் பெட்டி. ஜன்னல்தான் மூடி! இரண்டு வருஷமாக நான் சாத்தி வைத்திருந்தது கதவே இல்லை, கண்ணாடிப் பெட்டி! எனக்குத்தான் தெரியாமல் போயிற்று!

"எட்டுக் கதவு, பத்து ஜன்னல், பெட்டிக்கு ரெண்டு ஜன்னலா அஞ்சு பெட்டி! மொத்தமா எடுத்துக்குங்க" என்று விலையைச் சொன்னேன்.

அவர் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னார்.

"அண்ணே, அது கதவு விலையா, கதவுல இருக்கற ஆணி விலையா?"

"ஆணி... துருப்பிடிச்சிருக்கே தம்பி."

"அது துரு இல்ல, வயசு! மரியாதை குடுங்க!"

"அப்ப... வரேன்" என்று திரும்பி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... நடையிலும் பிரேக் போட்டுத்தான் நடந்தார். நாலு. ஐந்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆறாவது அடியில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"இருங்கண்ணே, இருங்க!"

எப்படி அது என் தொண்டையிலிருந்து வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. அவர் சொன்ன விலைக்கே பேசி முடித்தேன். போதாக்குறைக்குப் பெட்டி செய்து தருவதும் நானேதான், கூலி இல்லாமல். "அஞ்சு பெட்டி! அடிப்பலகை வேணாம் தம்பி... மண்ணு மேலதான் வைக்கிறது" என்றார். அடிப்பலகை மிச்சம் என்று அதற்கும் மகிழ்ந்தேன்.

அடடா, அன்றைக்கு நான் வேலை செய்த வேகம்! கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு, கதவு பலகை பலகையாகக் கழன்றது. ரம்பம் பாட, சுத்தியல் தாளம் போட, மரத்தூள் பறக்க, வெயில் முதுகில் இதமாக விழ, எனக்கு இருபது வயசு குறைந்துவிட்டது. வாண்டு ஆணி எடுத்துக் கொடுத்தாள். நடுநடுவே அடுப்பு வேறு.

"அப்பா, உருளைக்கிழங்கு வெந்துச்சா?"

"பாத்துட்டு வா."

ஓடினாள். வந்தாள். "தண்ணியக் காணோம்பா."

"எங்க போச்சு?"

"தெரியல. கிழங்கு மட்டும் புகை விடுது."

கருகினதைச் சுரண்டிவிட்டு மிச்சத்தை மசித்தேன். முட்டையை உடைத்து ஊற்றினேன். தட்டில் வைத்து மனைவியிடம் நீட்டினேன். ஒரு வாய் வைத்தாள்.

"மிளகு தூக்கலா இருக்குங்க."

"நான் மிளகே போடலையே."

இரண்டு பேரும் என் சட்டைக் கையைப் பார்த்தோம். மரத்தூள் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. வாண்டு மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கைப்பக்குவம் தெரிந்தவள்.

மூன்று மணிக்கு ஐந்து பெட்டியும் தயார். பிரேக் அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"மண்ணுல வச்சா... ஆடுமோ?"

"ஆடுமா? நான் செஞ்சதா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மண்வெட்டியை எடுத்தேன். பின்பக்கத்துத் தரையைக் கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் பார்த்து, ஐந்து பெட்டியையும் வரிசையாகப் பதித்தேன். பலகை விளிம்பில் ஏறி நின்று குதித்தும் காட்டினேன். "ஆடுதா?"

"ஆடல. ஆனா... மண்ணு ரொப்பினா... பலகை தாங்குமா? பிளந்துக்குமோ?"

"யாரு பலகை? என் பலகையா பிளக்கும்?"

இதற்கு மேல் ஒரு வியாபாரியால் பொறுக்க முடியுமா? மூலையில் பழைய மண் மேடு ஒன்று கிடந்தது. கூடை கூடையாக அள்ளினேன். கட்டி உடைத்தேன். சருகு கலந்தேன். ஐந்து பெட்டியிலும் பாதி உயரம் வரை! ஒரு பலகை முனகவில்லை. ஒரு ஆணி அசையவில்லை.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன். என் குரல் கேட்டு எதிர்வீட்டு நாய் குரைத்தது. அதுவும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

"நல்லா இருக்கு தம்பி... ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிப் பிரேக் அண்ணன் பணத்தைக் கையில் வைத்தார். என் மனைவியைத் திரும்பிப் பார்த்து, "வித்துட்டேன்!" என்றேன். நெஞ்சு இரண்டு வருஷத்தில் இல்லாத அளவுக்கு நிமிர்ந்தது. "எங்கண்ணே இறக்கணும்? வீடு வரைக்கும் நானே கொண்டுவந்து தரேன், இலவசம்!"

"வேணாம் தம்பி... இங்கயே இருக்கட்டும்."

"இங்கயேன்னா?"

"இப்ப... இருக்கற இடத்துலயே."

அதற்குள் மனைவி முட்டை ஓடுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே ஷூ இரண்டையும் ஏந்திக்கொண்டு வாண்டு.

"வாங்கினது நான்தாங்க" என்றாள். "அண்ணன் எனக்காகப் பேசி முடிச்சுக் குடுத்தாரு. பெட்டி யோசனையும் என்னோடதுதான்."

"நீயா? எங்கேருந்து பணம் எடுத்தே?"

"உங்க அலமாரியிலேருந்துதான். இப்ப உங்க கைக்கே வந்துருச்சே, திருப்பி வச்சுருங்க."

ஐயா, யோசித்துப் பாருங்கள். என் சரக்கை, என் காசைக் கொடுத்து, என் பெண்டாட்டி, என்னிடமே மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியிருக்கிறாள். செய்கூலி இலவசம். மண் இலவசம். நான் ஏறிக் குதித்தது கூடுதல் இலவசம்!

"இது மோசடி! பேரம் செல்லாது!" என்று குதித்தேன்.

"ஏன் செல்லாது? வித்தீங்க. பணம் வாங்குனீங்க. சாயங்காலம் ஆகலை. பின்பக்கம் எனக்கு."

கையிலிருந்த என் பணத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பதினைந்து வருஷத் தொழிலில் எத்தனையோ பேர் என்னிடம் இப்படி ஏமாந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"சரி, எடுத்துக்கோ! ஆனா ஒரு செடியக்கூட நான் தொட மாட்டேன். நீயே நட்டுக்கோ!"

"நீங்க எதுக்குத் தொடணும்? அண்ணன் நட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு."

பிரேக் அண்ணன் ஒரு மிளகாய் நாற்றைக் கையில் எடுத்தார். தலைகீழாகப் பிடித்தார். விரலால் மண்ணில் ஒரு ஓட்டை போட்டார். என் பெட்டியில்! நான் மட்டம் பார்த்து வைத்த பெட்டியில், கோணலாக!

"அண்ணே, வேரு மேல இருக்குண்ணே!"

"அப்படியா... எது வேரு?"

"தள்ளுங்க! இங்க குடுங்க!"

தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். மிளகாய்க்கு ஒரு பெட்டி. கத்தரிக்கு ஒன்று. பூசணிக்குத் தாராளமாக இடம் விட்டு ஒன்று. நூல் பிடித்தது போல வரிசை. என் சவரக் குவளையிலிருந்து அந்தத் தக்காளியை மண் உதிராமல் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாண்டு தன் புதினாவுக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, "இது நாளைக்கே பெருசாயிடுமாப்பா?" என்று கேட்டாள். "என் பெட்டியில வச்சது. பின்ன?" என்றேன். கடைசி ஜன்னலை மூடினேன். மாலை வெயிலில் பத்துக் கண்ணாடியும் பளபளத்தன. உள்ளே நாற்பத்திரண்டும் நிமிர்ந்து நின்றன.

நானும் நிமிர்ந்தேன். இடுப்பு மட்டும் வர மறுத்தது. மனைவியும் பிரேக் அண்ணனும் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அழகா இருக்குங்க" என்றாள் மனைவி. நிஜமாகத்தான் சொன்னாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தாள். "இனிமே தினமும் காலையில தண்ணி ஊத்தணும். அது யாருன்னு உக்காந்து பேசலாமா?"

நான் உட்காரவில்லை. பேசவும் இல்லை. வாளி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.