ஈரநரிகளுக்குப் போய்ச் சேராத ஓர் அட்டை

யைசு துறைமுகம்,
ஜூன் 24.

'ஈரவால்' ரசிகர் இதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உஷியாமா தொகுஜி பணிவுடன் எழுதிக்கொள்வது. மழை விடாமல் பெய்யும் இந்த நாட்களில் தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், நாற்பது வருடமாகக் கத்திக் கத்திப் பாடிவரும் அந்த ஐந்து பேரின் தொண்டைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான்.

விஷயம் இதுதான். ஈரநரிகள் இசைக்குழுவின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரிக்காக, கேட்டே தீர வேண்டிய பத்துப் பாடல்கள் எவை என்று எழுதச் சொல்லி, வருடா வருடம் போலவே ரசிகர் சங்க உறுப்பினர்களுக்கெல்லாம் ஓர் அட்டை அனுப்பியிருந்தீர்கள். என் மனைவி ஃபுசாஎ மூன்று வாரத்துக்கு முன் அதை என்னிடம் கொடுத்து, "போற வழியில தபால் பெட்டியில போட்டுடுங்க" என்றாள். போட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை மழைக்கோட்டுப் பைக்குள் கையை விட்டால், அட்டை இருக்கிறது! நீங்கள் கொடுத்த கடைசி நாளோ அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. முப்பத்தெட்டு வருடம் கமபோகோ என்ற மீன்கட்டி செய்யும் ஆலையில் தரம் பார்த்தவன் நான், மீன்கட்டி ஒரு கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்பியவன். எனக்கே இப்படி நடந்தால் என்ன செய்வது?

ஃபுசாஎவுக்குத் தெரிந்தால் சண்டை போடுவாள் என்று நினைக்காதீர்கள். போட மாட்டாள், அதுதான் பயம். "அப்படியா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது இந்த நரிகளை மட்டும்தான். அவளுடைய பாட்டு என்னால் கச்சேரியில் இடம்பெறாமல் போனால் நான் எந்த முகத்தோடு அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது?

அது போதாதென்று இன்னொன்று. அட்டையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. முதல் ஏழு பாடல்கள் அழகாக இருந்தன. எட்டு, ஒன்பது, பத்தாம் வரிகளில் ஓர் எழுத்துகூட இல்லை, மழை துடைத்துவிட்டது. அவளிடமே கேட்க முடியுமா? அதனால் ரயில் நிலையத்துக்கு எதிரே பழைய இசைத்தட்டு விற்கும் குராமொச்சியிடம் அட்டையைக் காட்டினேன்.

"யாரு போட்ட லிஸ்டு இது? இதுல இருக்கறது பூரா ஒருத்தனும் கேக்காத பாட்டு. 'குளிர்பெட்டி வெளிச்சம்' எல்லாம் தட்டோட பின்பக்கத்தை ரொப்பறதுக்குப் போட்டது, உஷியாமா சான்!"

"என் வீட்டுக்காரி போட்டது."

"அதானே பாத்தேன்! அவங்களுக்கு ரசனை ரொம்ப ஆழம்."

முக்கியமான மூன்றைச் சொல்லும் என்றேன். அவர் பதினாறு சொன்னார். எல்லாமே முதல் ஐந்து வருடத்துப் பாட்டு. "டிரம்ஸ்காரர் மாறினப்புறம் அது நரியே இல்ல, பூனை" என்று அவர் சொல்லி முடிப்பதற்கும், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நெகிஷி அம்மாள் உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"பூனைன்னு சொன்ன வாய்க்கு இனிமே என் கடையில பொரிச்ச கோழி கிடையாது! புது டிரம்ஸ் வந்தப்புறம்தான்யா அவங்களுக்குப் பாடவே வந்துச்சு!"

"புதுசாம் புதுசு! அந்த ஆளு வந்தே முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு!"

இரண்டு பேரும் குடுமிப்பிடியாக நின்றார்கள். நான் கடையில் இருந்த நரிகளின் பத்தொன்பது இசைத்தட்டுகளையும் இரவல் வாங்கிக்கொண்டு மெல்ல நழுவினேன்.

ஃபுசாஎ பள்ளிச் சமையலறை வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். ஐயா, எனக்கு ஆவல் பிடித்துக்கொண்டது. அப்படி என்னதான் கேட்கிறாள் இவள்? முதலில் அந்த ஏழையும் போட்டேன். ஒரு நாளும் உட்கார்ந்து கேட்காத பாட்டுக்கு அடுத்த வரி என் வாயில் தானாக வருகிறது, எப்படி என்று புரியவில்லை. பிறகு மற்றவை. 'குடையை விட்டுவிட்டேன்' என்று ஒரு பாட்டு. கடையில் மறந்துவிட்டு வந்த குடைக்காக ஒருவன் ஆறு நிமிடம் தொண்டை கிழியக் கத்துகிறான். இதற்கா இவ்வளவு என்று சிரித்தேன், மறுபடி போட்டேன், ஐந்தாம் முறை எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதையும், 'செவ்வாய்க்கிழமைக் கடல்', 'இன்னும் கொஞ்சம் சத்தமாக' இரண்டையும், அவள் கையெழுத்து மாதிரியே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.

தயவுசெய்து தாமதத்தைப் பொறுத்து என் மனைவியின் வாக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டி கமபோகோ தனியே அனுப்புகிறேன், லஞ்சம் என்று எண்ண வேண்டாம். தங்கள் இதழ் நீண்ட நாள் தழைக்கட்டும், நரிகளின் குரல் உடையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உஷியாமா தொகுஜி

பின்குறிப்பு: தபால்தலை எங்கே இருக்கிறது என்று ஃபுசாஎவிடம் கேட்டது என் புத்தி. உறை மேலிருந்த முகவரியைப் பார்த்தாள், கடிதத்தை வாங்கிப் படித்தாள், சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் அட்டையை வந்த அன்னிக்கே நானே போட்டுட்டேன். இது உங்களோடதுங்க." தன் உறுப்பினர் அட்டையை எடுத்துக் காட்டினாள். நான் வைத்திருந்த அட்டையில் இருந்த எண் வேறு. பதினோரு வருடமாக நான் தங்கள் சங்கத்தில் குடும்ப உறுப்பினராம்! வருடா வருடம் வாக்கும் போட்டிருக்கிறேனாம். "குளிக்கறப்போ நீங்க ஏழு பாட்டு முணுமுணுக்கறீங்க. அதைத்தான் எழுதறேன்."

"மழையில போன அந்த மூணு?"

"மழையில எங்க போச்சு? நான் எழுதவே இல்லையே. நீங்க எழுதுவீங்கன்னு ஒவ்வொரு வருஷமும் மூணு இடம் விட்டுத்தான் குடுக்கறேன். நீங்க பாக்காமலே பெட்டியில போட்டுட்டு வந்துடறீங்க."

எனக்கு மிகவும் வெட்கமாகிவிட்டது. ஆகவே ஐயா, மேலே மனைவிக்காக நான் கெஞ்சியதெல்லாம் வீண். அட்டையை இந்த உறைக்குள் தேட வேண்டாம். கச்சேரிக்கு ஒரு வாக்கு குறைந்தால் குறையட்டும், முதல் தடவையாக நான் மூன்று வரி எழுதிய அந்த அட்டையைத் தர மாட்டேன் என்கிறாள்.