கடலூர் கோட்டுக்கு மேலே ஒரு விரல்

உலகத்தில் எல்லோரும் மைல் கல்லை ரோட்டோரம்தான் நடுவார்கள். டீசல் டாங்குக்குள் நட்டவர், எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் குச்சி மாமா என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். நிஜப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

மாமாவிடம் மூக்கு நீண்ட பழைய லாரி ஒன்று இருந்தது. அதன் டீசல் மீட்டர் முள், நான் பிறப்பதற்கு முன்பே படுத்துவிட்டது. மாமா அதை எழுப்ப முயற்சி செய்யவில்லை. ஒரு சவுக்குக் குச்சியைச் சீவி, டாங்குக்குள் விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். குச்சியில் கத்தியால் வெட்டிய கோடுகள் இருந்தன. லிட்டர் கணக்கெல்லாம் கிடையாது, எல்லாம் ஊர்க் கணக்கு. அடிக்கோடு குமராட்சி. அதற்கு மேல் சிதம்பரம், அதற்கு மேல் கடலூர், அப்புறம் கடலூர் வழியாகச் சுற்றிப் போகும் காடாம்புலியூர். ஈரம் எந்த ஊரைத் தொடுகிறதோ, இங்கிருந்து அந்த ஊர் வரை வண்டி போகும்.

அந்தக் குச்சிக்கு வேறு உத்தியோகங்களும் உண்டு. டயரைத் தட்டிக் காற்று பார்ப்பார். குமராட்சிப் பக்கம் வெள்ளம் வந்தால் ரோட்டில் ஆழம் பார்ப்பார். முதுகு சொறிவதும் அதைக் கொண்டுதான். டீசல் வாடைக்கு அவர் முதுகை மட்டும் கொசு கடித்ததே இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

நான் அப்போது அங்கே ஒரு ரைஸ் மில்லில் குமாஸ்தா. 2007 வாக்கில் என்று நினைக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவன். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினைப் படம் போட்டு விளக்குவேன், ஆனால் டூ வீலருக்கு சென்டர் ஸ்டாண்டு போட இன்னொரு ஆள் வேண்டும். மில் மூட்டைகளை மாமாதான் ஏற்றுவார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டிப்ளமோ"தான், இல்லாவிட்டால் "மாப்ள".

"ஒரு கேஜ் மாத்தினா இந்தத் தொல்லையே இல்லையே மாமா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"முள்ளு பொய் சொல்லும் மாப்ள. குச்சி ஈரத்தத்தான் காட்டும். ஈரம் எங்கயாச்சும் பொய் சொல்லுமா?"

எங்கள் சிலபஸில் ஈரம் இல்லை.

அந்த டாங்கு ஒழுக ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது. சொட்டும் இடத்தில் மாமா பார் சோப்பைத் தேய்த்து அடைத்தார். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று. மளிகைக் கடைக்காரர், "என்னா மாமா, சலவைக்கடை வெச்சிட்டியா?" என்று கேட்டார். ஒரு மழை நாளில் வண்டி சிதம்பரம் கீழ வீதியில் நுரை தள்ளிக்கொண்டு நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ ஆபீசில் தரும் சான்றுக்கு, அதாவது எஃப்சிக்கு, காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. ஒழுகும் டாங்கோடு போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் வாசலோடு திருப்பி விடுவார். மாமாவின் மனைவியைப் பயந்து பயந்து நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ எஃப்சி வாங்கலன்னா வண்டி காயலான் கடைக்குத்தான். அந்தக் கடை ஆளு வந்து வண்டியப் பாத்துட்டே போயிட்டாரு. டாங்குல சத்தியம் பண்ணு."

மாமா டாங்கின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கையில் சோப்பு ஒட்டியது.

கடைசி நாளுக்கு முந்தின நாள், மெக்கானிக் அந்தோணி பட்டறையில் டாங்கு மாற்றம். தாங்கிப் பிடித்திருந்த பட்டைகளின் போல்ட்டுகள் துருவேறி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, ஒருவழியாக இறக்கினோம். அந்தோணி அதைக் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து ஆறு குச்சித் துண்டு, பாதி சோப்பு, ஒரு சாவி விழுந்தன.

"மச்சான், இது என்னா சாவி?" என்றார் அந்தோணி.

மாமா அதைச் சட்டென்று சட்டைப்பையில் போட்டார். "பீரோ சாவி. நாலு வருசமா தேடறா. வெளிய சொல்லிடாத."

மாற்று டாங்கு வேறொரு லாரியிலிருந்து கழற்றியது. பழையது பெட்டி மாதிரி, புதியது உருட்டிவிட்ட பீப்பாய் மாதிரி. பட்டையை வளைத்து, ரப்பர் வைத்து, உட்கார வைத்தார் அந்தோணி. மாமாவுக்கு டாங்கைப் பற்றிக் கவலையில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டிப்ளமோ, இது இதுக்கு ஒத்து வருமா?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் படிப்பிடம் கேள்வி கேட்கிறார். டேப்பைப் பிடித்து அளந்தேன். பழைய டாங்கின் உயரமும் புதியதன் உயரமும் ஒன்று. கொள்ளளவும் ஒன்று.

"அதே உயரம், அதே லிட்டர். அதே குச்சி போதும் மாமா. இது சயின்ஸ்."

மறுநாள் காலை குச்சியை விட்டு எடுத்தார். கடலூர் கோட்டுக்கு மேலே ஒரு விரல் ஈரம். கடலூர் ஆர்டிஓ ஆபீசுக்குக் கிளம்பினோம். சிதம்பரம் பங்க் அருகே வண்டியை மெதுவாக்கினார்.

"கொஞ்சம் ஊத்திக்கலாமா? புது டாங்காச்சே."

"குச்சிதான் கடலூர் காட்டுதே மாமா. நேரமாவுது, வுடுங்க."

அவர் விட்டார். பி.முட்லூர் தாண்டி, இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. குச்சியை விட்டால் நுனி மட்டும்தான் ஈரம்.

அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அக்கா நின்று விசாரித்தார். நான் டேப், உயரம், லிட்டர் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் இடுப்புக் குடத்தைக் காட்டினார்.

"தம்பி, இந்தக் குடத்துலயும் எங்க வூட்டு அண்டாவுலயும் அடியில நாலு விரக்கட தண்ணி ஊத்துனா ஒண்ணாவா இருக்கும்? குடத்துக்கு அடி குறுகலாச்சே. என்னா படிச்சிருக்க?"

"ஆட்டோமொபைல்" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

திரும்பிப் பார்த்தேன். மாமா லாரிப் படியில் உட்கார்ந்து குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி போய்விடுமே என்பதைவிட, இத்தனை வருஷம் பொய் சொல்லாத ஒன்று இன்றைக்குச் சொல்லிவிட்டதே என்ற முகம் அது.

"மாமா, குச்சி பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவர் குச்சியை லுங்கியில் துடைத்து, பத்திரமாக சீட்டுக்குப் பின்னால் வைத்தார்.

நான் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மொபெட்டில் வந்த ஒருவர் பங்க் வரை ஏற்றிப் போய்த் திரும்பவும் கொண்டுவந்து விட்டார். ஒருமுறை டீசல் தீர்ந்தால் ஊற்றினால் மட்டும் வண்டி ஓடாது. பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மாமா கைப்பம்பை அடிக்க, நான் ஸ்க்ரூவைத் தளர்த்த, டீசல் என் வெள்ளைச் சட்டையில் கடலூர் மாவட்ட வரைபடம் போட்டது.

ஆர்டிஓ ஆபீசில் கேட்டை மூடப்போகும் நேரம் நுழைந்தோம். பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். கீழே குனிந்து புது டாங்கைப் பார்த்தார். பிறகு ஏறி, படுத்துக் கிடந்த முள்ளைத் தட்டினார்.

"இது வேலை செய்யலையே. டீசல் எவ்ளோ இருக்குன்னு எப்படிப் பாப்பீங்க?"

மாமா குச்சியை எடுத்து நீட்டினார். "இதான் சார். இன்னிக்கி ஒருநாள்தான் லீவு போட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் குச்சியைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், முழுக்கதையும் புரிந்தவராகச் சிரித்தார். "சீக்கிரம் கேஜ் போட்டுக்குங்க பெரியவரே" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

மாமா கேஜ் போடவில்லை. நான் ஒரு வாரம் மண்டையை உடைத்து, பீப்பாய்க்கான கணக்குப் போட்டு, லிட்டர் குறித்த குச்சி ஒன்று செய்து கொடுத்தேன். அதை அத்தை கொடியில் துணி எடுக்க வைத்துக்கொண்டார். மாமா புதுக் குச்சி சீவி, ஊர் ஊராக ஓட்டிப் பார்த்து, மறுபடி கோடு வெட்டினார்.

2011-ல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது குச்சியைக் கையில் கொடுத்தார். எல்லா ஊருக்கும் கீழே, ஆழமாக ஒரு கோடு.

"இது எந்த ஊரு மாமா?"

"ஊரு இல்ல. டிப்ளமோ."

"நான் செஞ்ச தப்ப இப்படியா வெட்டி வெப்பீங்க?"

"தப்பு பெருசுதான். ஆனா அந்தக் கோடு வந்தா நான் பங்க்ல நிப்பாட்டிடுவேன், பாரு."

அதன் பிறகு எனக்கு ஃபோன் வரத் தொடங்கியது. வாரம் ஒருமுறை, பங்க் இரைச்சலுக்கு நடுவே. "மாப்ள, உன் கோட்டுக்கு வந்துட்டேன். சாப்டியா?"

ஒருமுறை மூன்று வாரமாக அழைப்பே இல்லை. பயந்துபோய் நானே கூப்பிட்டேன்.

"லோடு இல்ல மாப்ள, வண்டி சும்மா நிக்கிது. இப்பக்கூட குச்சி வுட்டுப் பாத்தேன். உன் கோட்டுக்கு மேல நாலு விரக்கட கெடக்கு" என்றார். வண்டிச் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

"இரு, சும்மானாச்சும் கடலூரு வரைக்கும் ஓட்டிட்டு வந்து பேசறேன்."