எண்ணூத்தி இருபத்தஞ்சு அண்ணாச்சி

கொழும்புப் புறக்கோட்டையில் எந்தத் தெருவில் மத்தியானம் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பதை, கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவனைவிடச் சரியாகச் சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் நாகர்கோவில் வடசேரியில் இருந்தார். கொழும்பை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கொழும்பு என்ன கொழும்பு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "அந்தப் பக்கத்துக் காத்து நமக்குச் சேராது மக்கா" என்பார். அந்தப் பக்கத்துக் காற்று கணவாய் வழியாக வந்து வருஷத்தில் பாதி நாள் அவர் வேட்டியைத்தான் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் கோபம் வரும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். அதுவரை நம்ம ஆட்கள் கடை வேலை, ஹோட்டல் வேலை என்று அடுத்த ஊருக்குப் போகிற மாதிரிக் கொழும்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று பாஸ்போர்ட் கொண்டா, பெர்மிட் கொண்டா, குடியிருந்ததற்கு அத்தாட்சி கொண்டா, போட்டோ மூன்று கொண்டா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போகிறவனெல்லாம் ஒரே ராத்திரியில் அந்நியனாகிப் போனான்.

நான் வடசேரியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். முன்னறையில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் அந்த மனிதர், அண்ணாச்சி. அவரை அங்கே உட்காரச் சொன்னது யார் என்று என் முதலாளிக்கே தெரியாது. கொழும்புக்குப் போகிறவன் வந்து முன்னால் நிற்பான். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார், நான் அடிப்பேன்.

அவருக்கு 'எண்ணூத்தி இருபத்தஞ்சு' என்று பெயர் வந்தது புதுக்கடை ஊர்க்காரன் ஒருவனால். ஜவுளிக்கடைப் பையன், தானே பெரிய படிப்பாளி என்று பெர்மிட் விண்ணப்பத்தைத் தானே எழுதி அனுப்பிவிட்டான். நம்ம ஊரில் அன்று எல்லாமே கொல்லம் ஆண்டுதானே? பிறந்த வருஷம் 1097 என்று எழுதியிருக்கிறான். பதில் வந்தது. விண்ணப்பதாரருக்கு வயது எண்ணூற்று ஐம்பத்துநாலு ஆகிறது, இந்த வயதில் துணியளக்கும் வேலைக்கு வருவது ஏன் என்று தெரியப்படுத்தவும்.

பையன் அழுதுகொண்டு ஓடி வந்தான். அண்ணாச்சி காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"லேய், சவத்துப் பயலே. வெள்ளைக்காரன் வருஷம் வேற, நம்ம வருஷம் வேற. எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டணும்லே! நீ என்ன, சேர சோழ பாண்டியன் கூடவா பிறந்தே?"

பங்குனியில் பிறந்த அந்தப் பையன் 1922 ஆகி, பத்திரமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து எவன் வந்து நின்றாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டு" என்பார். ஊரும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. நிஜப் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளிநாடு போகாதவனையும் விடமாட்டார். சர்க்கார் வேலைக்கு நான் போட்ட விண்ணப்பத்தைக்கூடப் பிடுங்கி, பிறந்த வருஷத்தை அவர் கையால்தான் எழுதினார்.

"என் கை பட்ட பேப்பர் திரும்பி வராது, கேட்டியா" என்பது அவருடைய ஒரே பெருமை. அது நிஜமும்கூட. ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கூலி என்று கையை நீட்டமாட்டார். அவர் கேட்பது ஒரு கடிதம். போய்ச் சேர்ந்த ஒரு மாசத்துக்குள் எழுதிவிடவேண்டும். ஸ்டேஷனில் இறங்கி எத்தனை எட்டில் டிராம், எந்தக் கடையில் சோறு நன்றாயிருக்கும், மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், எல்லாம் எழுதவேண்டும். எழுதாதவனுக்கு வீடு தேடிப் போய் அவன் அம்மாவிடம் சண்டை போடுவார். அப்படிச் சேர்ந்த கடிதக் கட்டுகளை வைத்துத்தான் அந்த நிழல் சமாச்சாரமெல்லாம்.

இதைவிட வேடிக்கை ஒத்திகை. கொழும்பு போகிறவர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துக் காகிதம் பார்ப்பார்கள், உடம்பு பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதற்காக அண்ணாச்சி துண்டைத் தோளில் குறுக்கே போட்டு, என் டைப்ரைட்டர் மேஜையில் ஏறி உட்கார்ந்து, ஆபீசராகிவிடுவார்.

"ஓம் பேரென்ன?"

"எங்க அப்பாவுக்கு நான் மூணாவது, அண்ணாச்சி. மூத்தவனுக்கு எங்க தாத்தா பேரை வச்சதினால எனக்கு..."

"நிறுத்துலே! பேரைக் கேட்டா பேரைச் சொல்லு. ஊர்க் கதையை எவன் கேட்டான்? கேட்டதுக்கு மட்டும் பதில். அதுக்கு மேல வாயைத் திறந்தா கப்பல் உன்னை விட்டுட்டுப் போயிரும்."

இந்த ஒரு விதியைச் சொல்லி அவர் கரை சேர்த்த ஆட்கள் கணக்கில்லை. இப்படி ராஜா மாதிரி இருந்த மனிதரிடம்தான் கடியப்பட்டணத்திலிருந்து சூசம்மா வந்தாள்.

சூசம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் புருஷனோடு இருந்தது நாற்பது நாள். அவன் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் இருந்தான். புதுச் சட்டம் வருகிறது, ஈஸ்டருக்குள் நீ இங்கே வந்து இறங்கினால் உண்டு, அதற்கப்புறம் மனைவிமாருக்குப் பெர்மிட் கிடைக்குமா என்று முதலாளிக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தான். அவள் அப்பா வலைக்காரர். மகள் பிறந்தது எப்போது என்று கேட்டதற்கு, "ஆயிரத்து நூத்தி மூணு, ஐப்பசி. அந்த வருசம் சாளை மீனு அப்படிப் பட்டுது" என்றார்.

"எண்ணூத்தி இருபத்தஞ்சு கூட்டு" என்றார் அண்ணாச்சி. 1928 என்று நான் அடித்தேன். கூடவே ஞானஸ்நானச் சீட்டை வைத்து அனுப்பினோம்.

தவக்காலம் பாதியில் பேப்பர் திரும்பி வந்தது.

அண்ணாச்சி அதைத் தொடவே இல்லை. மேஜையில் கிடந்ததை எட்டி நின்று பார்த்தார். நான் படித்தேன். கோயில் ஞானஸ்நானச் சீட்டில் 1927 அக்டோபர், விண்ணப்பத்தில் 1928. இரண்டும் ஒரே பெண்தானா? புதிதாக விண்ணப்பிக்கலாம். அல்லது எழுதியவர் மண்டபம் முகாமுக்கு நேரில் வந்து தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம். புதிதாக விண்ணப்பித்தால் ஓணம் வந்துவிடும்.

"ஞானஸ்நானம் குடுத்த சாமியாரு தப்பா எழுதிட்டாரு" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அண்ணாச்சி, நம்ம வருஷம் ஆவணியிலே பிறக்கு. இங்கிலீஷ் வருஷம் மார்கழி நடுவிலே பிறக்கு. அதுக்கு எடைப்பட்ட நாலு மாசத்திலே பிறந்தவனுக்கு எண்ணூத்தி இருபத்துநாலுதான் கூட்டணும்."

"நீ டைப் அடிக்க வந்தியா, எனக்குக் கணக்கு சொல்லித்தர வந்தியா? எண்ணூத்தி இருபத்தஞ்சு என்னைக்கும் எண்ணூத்தி இருபத்தஞ்சுதான்!"

காலண்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அப்புறம் கடிதக் கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தார். ஆவணிக்காரன், புரட்டாசிக்காரன், கார்த்திகைக்காரன் என்று தனியாக எடுத்து வைத்தார். அந்தக் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. பாதிக் கொழும்புக்கு அவர் ஒரு வயசைக் குறைத்துவிட்டிருந்தார். அவர்களிடம் சரிபார்க்க வேறு சீட்டு இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஆபீசர் தோண்டினால் அத்தனை பேர் பெர்மிட்டும் ஆட்டம் காணும்.

சேதி கேட்டு வந்திருந்த சூசம்மா மூலையில் முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"ஏட்டி, பெட்டியைக் கட்டு" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு மண்டபம் போறோம்."

சூசம்மா, அவள் அப்பா, அண்ணாச்சி, நான், நாலு பேரும் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினோம். ஆரல்வாய்மொழி வந்ததும் அண்ணாச்சி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பணகுடி தாண்டியதும், "உயிரோட இருக்கேனா மக்கா?" என்று கேட்டார். இருக்கிறீர்கள் என்றேன். துண்டை எடுத்து மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தார். "ஒண்ணும் தோணல்லியே" என்றார், ஏமாந்து போனவர் மாதிரி. அப்புறம் ரயிலில் ராமநாதபுரம் வரை, "கேட்டதுக்கு மட்டும் பதில், கேட்டதுக்கு மட்டும் பதில்" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டே வந்தார். ஊரே பயப்படாமல் போய்வர வழி சொன்ன மனிதர் இப்படிப் பயந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

முகாமில் ஆபீசர் நிஜமாகவே மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார், மேஜைமேல் அல்ல. தோளில் துண்டும் இல்லை. அதிலேயே அண்ணாச்சிக்குப் பாதி தைரியம் போய்விட்டது.

"இந்த விண்ணப்பம் எழுதினது யாரு?"

"நான்."

"ரொம்ப நாளா எழுதறீரோ?"

"ஆமா."

"அப்போ வருஷம் எப்படித் தப்பாச்சு?"

இந்தக் கேள்விக்கு நிஜத்தைச் சொன்னால் ஆவணி, புரட்டாசி, கார்த்திகை எல்லாம் வெளியே வந்துவிடும். மழுப்பினால் சூசம்மா திரும்பி வீட்டுக்கு. அண்ணாச்சி ஒரு நிமிஷம் சூசம்மாவைப் பார்த்தார்.

"எனக்குக் கணக்கு வராதுங்க ஐயா" என்றார். "மூணாம் வகுப்பிலே தோத்தவன். சும்மா தெரிஞ்ச மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளை மேல தப்பில்ல."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாளை நீட்டினார். அண்ணாச்சி எழுதினார், கையெழுத்துப் போட்டார். அவருடைய நிஜப் பெயரை நான் பார்த்தது அன்று ஒரே ஒரு தடவைதான். அதை இங்கே எழுதமாட்டேன். அவர் யாருக்கும் சொல்லாததை நான் சொல்ல எனக்கு என்ன உரிமை?

ராமேஸ்வரம் பக்கம் போகிற ரயிலில் சூசம்மா ஏறினாள். ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி..." என்றாள்.

"போனதும் கடுதாசி போடணும்" என்றார் அவர். "கொட்டாஞ்சேனை பத்தி நம்மகிட்ட விவரம் கம்மி. நிழலெல்லாம் பாத்து எழுது, கேட்டியா பிள்ளே."

திரும்பி வரும்போது, மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டேன். "கேட்டாத்தானே மக்கா சொல்லணும்" என்றார். ஆரல்வாய்மொழியில் மூக்கைப் பொத்தவில்லை. ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரம் சூசம்மாவின் கடிதம் வந்தது. எட்டுப் பக்கம். புருஷனைப் பற்றி இரண்டு வரி, மீதி முழுக்க நிழல்.

அண்ணாச்சி போய் ரொம்ப காலமாகிறது. எனக்கு அவர் எழுதித் தந்த சர்க்கார் வேலை கிடைத்து, ஓய்வு பெறும் வயசும் வந்தது. அந்த வருஷம் ஹெட் கிளார்க் என் பழைய விண்ணப்பத்தோடு வந்து, "சார், இதிலே கொல்லம் வருஷம், ஐப்பசி மாசம்னு இருக்கு. அதை இங்கிலீஷ் வருஷமாக்கும்போது ஒண்ணு கூடுதலாப் போட்டிருக்கு. நீங்க போன வருஷமே வீட்டுக்குப் போயிருக்கணும். திருத்தி மேலிடத்துக்கு அனுப்பவா?" என்றார்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். "வேண்டாம்."

அவர் கை பட்ட பேப்பர் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது. இரண்டாவதாக ஒன்று வருவதற்கு நான் விடவில்லை.