ஆமைக்கு மாட்டிய விளக்கு

வீட்டில் தனியாக இருக்கிற ஆளுக்கு ஓர் ஆபத்து உண்டு, பிள்ளைகளா. அவனுக்குத் தோன்றுகிற யோசனை எல்லாமே நல்ல யோசனையாகத் தெரியும். "அட, அப்படி இல்லப்பா" என்று சொல்லப் பக்கத்தில் ஒருத்தர் இருந்தால் பாதி முட்டாள்தனம் சமையலறையைத் தாண்டாது. எனக்கு அந்த வருஷம் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஸ்டெல்லா சென்னைக்குப் படிக்கப் போய்விட்டாள். ஒரத்தநாட்டுப் பக்கம், வயலை ஒட்டிய கடைசி வீட்டில் நானும் ஒரு ஆமையும் மட்டும்.

ஆமையின் பெயர் அவசரம். (வைத்தது ஸ்டெல்லா. என்னைக் கேட்காதீர்கள்.) இட்லித் தட்டு அளவு இருக்கும். புல் தின்னும் ஆப்பிரிக்க இனம். முறையாகப் பதிவு செய்து வாங்கியது. (நம் ஊர் நட்சத்திர ஆமையைப் பிடித்து வீட்டில் வைத்தால், வனத்துறை உங்களைப் பிடித்து வைக்கும். ஜாக்கிரதை.)

எங்கள் தெருவுக்குப் பதிவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுக்குள் ஆமை இருந்தால் ஆகாது, அவ்வளவுதான். தினமும் என் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் டெய்லர் ஆரோக்கியசாமி, ஆமை வந்த நாளிலிருந்து கேட்டோடு நின்றுகொண்டார். "பேப்பர இங்கயே குடுங்கண்ணே, காத்தோட்டமா இருக்கு" என்பார். மழையில் குடையைப் பிடித்துக்கொண்டும் அதையேதான் சொன்னார்.

ஸ்டெல்லா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். முதல் கேள்வி, "அவசரம் சாப்பிட்டுச்சாப்பா?" அடுத்தது, "காமிங்க." போனைத் திருப்புவேன். அப்புறம் பேச்சு முழுக்க அதனோடுதான். நான் போன் ஸ்டாண்டு. எனக்கு வருத்தமில்லை, அவள் குரல் கூடத்தில் கேட்டால் போதும். கிறிஸ்துமஸுக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "நாலு நாள்தாம்ப்பா லீவு. சரி, அவசரத்தப் பாக்கவாவது வந்துடுறேன்" என்றாள். அன்றிலிருந்து அந்த ஆமையை நான் சம்பந்தி மாதிரி கவனிக்கத் தொடங்கினேன்.

அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. வெயிலே இல்லை. அவசரம் தின்பதை நிறுத்தியது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது. முருங்கைக்கீரை வைத்தேன், செம்பருத்திப் பூ வைத்தேன். ம்ஹூம். ஸ்டெல்லாவிடம், "இப்பதான் சாப்பிட்டுத் தூங்குது" என்று புளுகினேன். இது செத்துப்போனால் அவள் எதைப் பார்க்க வருவாள் என்று நினைத்தபோது எனக்கும் சோறு இறங்கவில்லை.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். வரிசையில் கறவை மாடுகள், இரண்டு ஆட்டுக்குட்டிகள், நடுவில் துணிப்பையோடு நான். பின்னால் நின்றவர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு வேளைக்கு எத்தன லிட்டருங்க கறக்குது?"

நான் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "குளிர் தாங்கலங்க. வெயிலும் இல்ல. சூட்டுக்கு ஒரு பல்பு, புற ஊதாக் கதிருக்கு ஒரு பல்பு மாட்டுங்க. பன்னெண்டு மணி நேரம் எரியட்டும்" என்றார்.

எந்தப் பன்னிரண்டு மணி நேரம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! (நினைத்திருந்தால் சரியாகத்தான் நினைத்திருப்பார்.)

ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொல்லவேண்டியதாயிற்று. புற ஊதா பல்பை அவளே ஆன்லைனில் வரவழைத்துவிட்டு, "கண்ணாடி வழியா அந்தக் கதிர் போகாதுப்பா. கண்ணாடி இல்லாமப் பாத்துக்கங்க" என்றாள்.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். கண்ணாடி கூடாது. கூடத்தில் கண்ணாடி எங்கே இருக்கிறது? ஜன்னலில். எனவே வயலைப் பார்த்த இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். அடுத்தது நேரம். பகலில்தான் சூரியன் இருக்கிறதே! மேகத்துக்குப் பின்னால் நின்றாலும் டூட்டியில்தானே நிற்கிறது? ராத்திரி ஷிப்டுக்குத்தான் ஆள் இல்லை. எனவே மாலை ஆறு முதல் காலை ஆறு வரை விளக்கு. இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

பல்பு வந்து சேர்ந்த அன்றுதான் எங்கள் தெருவுக்குக் கேரல் வரும் நாள். மாதா கோயிலிலிருந்து பாட்டுக் குழு வீடு வீடாக வரும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு முன்னால் நின்று பாடும். டீ குடித்துவிட்டுப் போகும். என் வீடு நிறைகிற ஒரே சாயங்காலம் அதுதான். ஆமை இருக்கிற வீட்டுக்குள் வருவார்களோ மாட்டார்களோ. இருந்தாலும் பெரிய பொட்டலமாக முறுக்கு வாங்கி வைத்தேன். கூடத்து மூலையில் தரையிலேயே குடில் ஜோடித்தேன். தட்டில் நெல்லைத் தெளித்து முளைக்கவைத்த பச்சைப் புல்லுக்கு நடுவே மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, நாலு ஆடுகள்.

எதிர் மூலையில் விதைநெல் பெட்டிக்குள் அவசரம். அதற்கு மேலே, ஸ்டெல்லாவுக்குத் தூளி கட்டிய கொக்கியில் கயிறு போட்டு இரண்டு பல்புகளையும் தொங்கவிட்டேன். ஆறு மணிக்குச் சுவிட்சைத் தட்டி, போட்டோ எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன்.

சற்று நேரத்தில் ஊரில் கரண்ட் போயிற்று. என் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர். (குவைத் சம்பளம்.) கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இருட்டு, நடுவில் என் ஜன்னல் மட்டும் ஊதா கலந்து ஜொலித்தது.

பிள்ளைகளா, வயலில் விளக்குப்பொறி என்று ஒன்று கட்டுவோம். பொழுது சாய்ந்ததும் விளக்கை எரியவிட்டு, கீழே தண்ணீர் வைப்போம். பயிரைக் கெடுக்கிற பூச்சியெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வந்து தண்ணீரில் விழும். வருஷா வருஷம் அதைக் கட்டுகிறவன் நான். அதே சாமானைப் பூக்கிற பருவத்துச் சம்பா வயலைப் பார்த்து, என் கூடத்திலேயே கட்டி, ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பூச்சிக்கு முன்னால் கேரல் வந்துவிட்டது. இருட்டில் தட்டுத் தடுமாறியவர்கள், வெளிச்சம் தெரிந்த ஒரே வீட்டுக்கு நேராக வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில், பஞ்சுத் தாடியோடு ஆரோக்கியசாமி. தாத்தா கேட்டோடு நிற்க முடியாதே! உள்ளே வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாட்டை எடுத்துக் கொடுக்கும் பிலோமினா அக்கா கையை உயர்த்தினார். எல்லாரும் வாயைத் திறந்தார்கள். திறந்த வாய்க்குள் முதல் பூச்சி போயிற்று.

அப்புறம் எண்ண முடியவில்லை. இரண்டு ஜன்னல் வழியாகவும் பச்சைத் தத்துப்பூச்சிகள் நெல் தூற்றுகிற மாதிரி கொட்டின. கூடவே அந்துப்பூச்சிகள். டிரம் மேல் பூச்சி, முறுக்கு மேல் பூச்சி. ஆரோக்கியசாமியின் வெள்ளைத் தாடி பச்சைத் தாடி ஆயிற்று.

"தம்பி, இது என்ன வெளக்கு?" பிலோமினா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"ஆமைக்கு வெயிலுக்கா!"

"வெயிலாம்ல வெயிலு! வயல்ல கட்டுறத வீட்டுல கட்டிட்டு! நிறுத்துங்க மொதல்ல!"

அப்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தால் ஸ்டெல்லா. "அப்பா, போட்டோ பாத்தேன். அது பகல்ல போடுற லைட்டுப்பா! ராத்திரியெல்லாம் எரிஞ்சா அவசரம் எப்படித் தூங்கும்?"

ஓடிப்போய் வீட்டில் இருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தேன். கூடம் கும்மிருட்டு. தாடியை உதறிக்கொண்டே பின்வாங்கிய ஆரோக்கியசாமி எதன் மேலோ மோதுகிற சத்தம் கேட்டது. பலகை ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய அலறல்.

"அண்ணே! கால் மேல கல்லு நடக்குதுண்ணே!"

செல்போன் டார்ச்சுகள் எரிந்தன. பெட்டியின் ஒரு பக்கப் பலகை சாய்ந்து கிடந்தது. உள்ளே ஆமை இல்லை. இத்தனை கால்களுக்கு நடுவே அது எங்கே மிதிபடுகிறதோ!

"யாரும் நகராதீங்க" என்றேன். "ஸ்டெல்லா அதப் பாக்கத்தான் வர்றா."

சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பிலோமினா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டி போட்டார். ஆரோக்கியசாமி தாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். ஆமை வீட்டுப் படியேறப் பயந்த கூட்டம், ஆமை மாதிரியே நாலு காலில் என் கூடத்தைச் சுற்றி வந்தது.

"தம்பி, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

பிலோமினா அக்காவின் டார்ச்சு குடிலில் நின்றது. இரண்டு ஆடுகள் கவிழ்ந்து கிடந்தன. மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் அவசரம். தலையை முழுசாக வெளியே நீட்டி, நெல் நாற்றைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சூட்டு பல்பு தன் வேலையைச் செய்திருக்கிறது.

"திங்கிதுண்ணே" என்றார் ஆரோக்கியசாமி, ஏதோ தன் வீட்டுப் பிள்ளை மாதிரி.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூச்சி விழுந்துவிட்டது என்றேன். அன்றைக்கு அது எல்லாரும் நம்பக்கூடிய பொய்.

டார்ச்சு வெளிச்சத்திலேயே பாடினார்கள். பூச்சியை ஊதிவிட்டு முறுக்கும் தின்றார்கள். ஸ்டெல்லா சொன்னபடி நாலு நாள் வந்து, விளக்கைப் பகலுக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் போன பிறகு வீடு பழையபடி ஆயிற்று.

இப்போது அவளுக்கு பெங்களூரில் வேலை. இன்றும் முதல் கேள்வி அவசரம் சாப்பிட்டதா என்பதுதான். ஆனால் அந்த வருஷத்திலிருந்து எனக்கும் ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: "நீங்க என்ன சாப்பிட்டீங்க, பூச்சியா?" குவைத்திலிருந்து அவள் அம்மாவும் அதையேதான் கேட்கிறாள்.

கேரல் குழு இப்போதெல்லாம் கேட்டருகே வந்ததும் நிற்கும். ஆரோக்கியசாமி கத்துவார்: "அண்ணே, மொதல்ல அந்த லைட்ட நிறுத்துங்க!" தெருவே சிரிக்கும்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்த விளக்கு மாலையில் எரிவதே இல்லை. கேரல் வரும் அந்த ஒரு நாள் மட்டும், டிரம் சத்தம் தெருமுனையில் கேட்டதும், நான்தான் எழுந்து போய் அதைப் போட்டு வைப்பேன்.