அவிக்க நாலு முட்டை

கொதிக்கிற தண்ணீரில் விழுந்த வேகத்திலேயே முதல் இரண்டு முட்டைகளும் வாயைப் பிளந்தன. வெள்ளைக்கரு கிழிந்த துணியாகப் பாத்திரம் முழுக்க மிதந்தது. ஒற்றர் அசரவில்லை. அட்டைப்பெட்டியில் இன்னும் எட்டு முட்டைகள் இருந்தன.

ஒற்றர் என்பது அவர் பெயரல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். விட்டுப்போன க், ச், த், ப் எங்கே ஒளிந்திருந்தாலும் துப்புத் துலக்கிப் பிடித்துச் சந்தி சிரிக்க வைத்துவிடுவார் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் சூட்டிய பட்டம். "ஒரு எழுத்துதானே சார், விடுங்களேன்" என்று யாராவது கெஞ்சினால், "ஒரு எழுத்து குடும்பத்தையே கவுத்துரும்யா" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் சமையலறைக்குள் இதுவரை வந்தது தண்ணீர் குடிக்க மட்டும்தான்.

இன்று வந்ததற்குக் காரணம் மனைவி. அவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. வெளியூரில் ஆறு மாதப் பயிற்சி ஒன்று கிடைத்திருந்தது. முடித்துவிட்டு வந்தால் ஆய்வகத்துக்கே அவள்தான் தலைமை. பல வருட ஆசை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றாள் காலையில்.

"ஏன்?"

"நான் போயிட்டா நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"கடையில."

"போன தடவை கடையில சாப்பிட்டு, நாலு நாள் ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தது யாரு?"

"அப்போ நானே சமைச்சுக்கறேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கவலை. அதுதான் ஒற்றரைச் சுட்டது.

"சரி. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள நாலு முட்டை அவிச்சு வைங்க. ஓடு சுத்தமா உரியணும், மஞ்சக்கரு கெட்டியா நிக்கணும். அப்படி இருந்தா போறேன். அரைவேக்காடா இருந்தா பேச்சே கிடையாது."

சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அவள் பயிற்சிக்குப் போயே தீர வேண்டும் என்று ஒற்றர் முடிவு கட்டிவிட்டார். தன் வயிற்றுக்காக அவள் நின்றுபோனாள் என்றால், பிறகு எந்தச் சோறும் அவருக்கு இறங்காது.

முட்டைக்குச் சூடு என்றால் பயம் போலிருக்கிறது என்று, இரண்டாவது தடவை நான்கைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டார். தீயைக் குறைத்தார். ஓரத்தில் நாலு குமிழ் வந்ததும், "கொதிச்சாச்சு!" என்று அணைத்தார். ஒன்றை உடைத்தார். மஞ்சள் கரு முழங்கை வரை ஓடியது.

ஒன்று சரியில்லை என்றால் நாலும் சரியில்லை என்று அர்த்தமா? ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்புகிற ஆளில்லை அவர். மீதி மூன்றையும் உடைத்துப் பார்த்தார். நாலும் சரியில்லை.

மிச்சம் நாலே நாலு. இந்தத் தடவை நெருப்பையும் கூட்டினார், பொறுமையையும் கூட்டினார். அவசரப்பட்டு அணைத்தால்தானே வம்பு? நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கண் சும்மா இருக்குமா? காலி அட்டைப்பெட்டியின் மேல் போய் விழுந்தது.

'முட்டைகளை கவனமாக கையாளவும்.'

"அடப் பாவிகளா! ஒரே வரியில ரெண்டு 'க்' காணோம்!"

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது. பெட்டியைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. பிழைகள் எறும்பு மாதிரி மொய்த்துக் கிடந்தன. ஒற்றர் உலகத்தை மறந்தார். தண்ணீர் சுண்டியதையும் பாத்திரம் கறுத்ததையும் அவர் கவனிக்கவில்லை.

டமார்!

முட்டை கூரையில் ஒட்டியிருந்தது. பெட்டியில் மட்டும் இப்போது ஒரு பிழைகூட இல்லை.

தெருமுனைக் கடை மதியம் பூட்டிக் கிடக்கும். ஒற்றர் சமையலறை ஜன்னலைத் திறந்தார். எதிர் ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா தடதடவென்று மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! அவிக்க நாலு முட்டை வேணும்!"

"என்ன முட்டை?" மிஷின் நிற்கவில்லை.

"அவிக்க! அவிக்க! நாலு!"

"தர்றேன் தம்பி. கொஞ்ச நேரம் ஆகுமே!"

கடை திறக்கும் வரை காத்திருந்து வாங்கித் தரப்போகிறார் போல, எவ்வளவு நல்ல மனசு என்று ஒற்றர் உருகிப்போனார். அந்த இடைவெளியில் பாத்திரத்தைத் தேய்த்தார். கூரையைத் தேய்த்தார், அது வரவில்லை.

அக்கா கிண்ணத்தோடு வந்தார். முட்டைகள் ஈரமாக இருந்தன. கழுவியே கொடுத்திருக்கிறாரே, என்ன சுத்தம்!

"ஓடு நல்லா உரியும் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார் அக்கா. ஒற்றர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்.

நாலாவது தடவை அவர் எதையும் படிக்கவில்லை. பேனாவைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். போன் அடித்தபோதும் எடுக்கவில்லை. நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒன்றைத் தட்டினார். ஓடு சட்டை கழற்றுவது போலக் கழன்று வந்தது. நறுக்கினார். மஞ்சள் கரு கெட்டியாக நின்றது. ஆளில்லாத சமையலறையில், "பார்த்தியா!" என்று கத்தினார்.

மனைவி வந்ததும் முதலில் மேலே பார்த்தாள்.

"அது என்ன கறை?"

"அது பழைய பதிப்பு. இதைப் பாரு."

நான்கையும் நறுக்கிப் பார்த்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கே?"

"கெட்டியா இருக்கா இல்லையா?"

"கெட்டிதான்." அவள் கண் கலங்கிவிட்டது. "நிஜமாவே நீங்கதான் அவிச்சீங்களா?"

"இந்தக் கையாலதான். வேணும்னா மோந்து பாரு."

அவள் அங்கேயே நின்றபடி போனில் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். "சார், பயிற்சிக்கு நான் வர்றேன். ஆமா சார், உறுதியாத்தான் சொல்றேன். வீட்டைப் பத்திக் கவலையே இல்ல, அவர் பாத்துக்குவார்."

ஒற்றருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு மாதம் அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் அழுகையும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு முட்டைக்கு உப்புத் தூவினார்.

வாசலில் தையல்கார அக்கா வந்து நின்றார்.

"கிண்ணத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்மா. தம்பி ஜன்னல் வழியா 'அவிச்ச முட்டை, அவிச்ச முட்டை'ன்னு அந்தக் கத்து கத்தினாரே, நான் அவிச்சுக் குடுத்த நாலும் பதமா இருந்துச்சா?"