லீட்டருக்கு எவ்வளவு?

மாசம் பிறந்ததும் பெற்றோல் விலையும் கூடியது. மாத்தளை ஜனங்கள் வழக்கம்போல வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஞானரட்ணம் மட்டும் திட்டவில்லை. திட்டுகிற உரிமை அவருக்குக் கிடையாது. அவர் எரிபொருள் சிக்கனப் பொறுப்பு உத்தியோகத்தர்.

அந்தப் பதவி அவருக்குக் கிடைத்த வரலாறு சுருக்கமானது. மேலிடத்துச் சுற்றுநிருபத்தின் பிரகாரம் கந்தோரில் யாராவது ஒருவரை அதற்கு நியமிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கூட்டம் கூடிய நேரம் பார்த்து மனுஷன் பிளேன்ரீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நியமனம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. அன்றிலிருந்து நாவுலக்கும் கலேவெலக்கும் போய் விவசாயிகளுக்கு எரிபொருள் சிக்கனம் பற்றி விரிவுரை ஆற்றி வந்தார். இந்தப் பயணங்களுக்கு இரண்டு பெரிய ஜீப் போகும். ஒன்றில் உத்தியோகத்தர்கள், மற்றதில் கூட்டத்தில் கட்டுகிற பெனர். நடந்தும் சைக்கிளிலும் வந்திருந்த விவசாயிகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, கொடுத்த பணிஸைத் தின்றுவிட்டு, நடந்தும் சைக்கிளிலும் வீட்டுக்குப் போவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ஒரு கிழட்டு நீல டீசல் வேன் இருந்தது. வஹாக்கோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு அவர் வீடு இருக்கிற லேன் சனம் முழுவதையும் சோற்றுப் பானையோடு ஏற்றிக்கொண்டு போன வேன். அதன் ஹோன் சத்தம் சளி பிடித்த எருமை கத்துவதுபோல் இருக்கும். மற்றபடி அது ஒரு நாளும் வழியில் நின்றது கிடையாது. ஆனால் குடிக்கும். நன்றாகக் குடிக்கும்.

"ஞானம், சிக்கனத்துக்குப் பொறுப்பான ஆளே இந்த வேன்ல வந்து எறங்கினா, நான் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் யோகேந்திரன். அவர்தான் பிரிவின் தலைவர். இரண்டு ஜீப்பில் பெரியது அவருடைய பாவனைக்கு உரியது.

அந்த நாட்களில் கந்தோரில் ஒரு புதிய நாகரிகம் பரவியிருந்தது. முன்பெல்லாம் காலையில் ஆளை ஆள் கண்டால் "சுகமா? புள்ளைங்க எப்படி?" என்று கேட்பார்கள். இப்போது "லீட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார்கள். பதினெட்டு கிலோமீற்றர் என்பவன் தலையைக் குனிந்தான். இருபத்தைந்து என்பவனுக்கு ரீ வாங்கிக் கொடுத்தார்கள். ஞானரட்ணம் தன்னுடைய வேனின் எண்ணைச் சொல்ல நேர்ந்தபோது, அது சின்ன எண் என்பதால், இருமிச் சமாளித்தார்.

வீட்டில் அவர் மனைவி அருள்மணிக்கு வேறு கவலை. ஒரே மகள் ஷெனாலி நிறைமாசம். கல்யாணம் கட்டி வில்கமுவயில் இருக்கிறாள். மருமகன் ரொமேஷுக்கு அங்கேதான் வேலை. இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். பஸ்ஸோ, வந்தால் வரும். தலைப் பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. தகப்பன்தான் போய் மகளைக் கூட்டிவர வேண்டும், அதுதான் முறை.

"என்னங்க, வேன எடுத்துக்கிட்டுப் போய் முதல்ல புள்ளயக் கூட்டிட்டு வந்துருவோம். பொறவு ஒங்க சிக்கனத்தப் பார்ப்போம்" என்றாள்.

"அருள், ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நல்ல வாகனம் ஒன்னு எடுத்து, அதுலயே மகளக் கூட்டிட்டு வாறேன் பாரு."

"கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிற ஆளு நீங்க ஒருத்தர்தான்!"

ஞானரட்ணம் வேனைக் கொண்டுபோய் வாகன வியாபாரி மர்சூக் நானாவிடம் விலைக்குக் கொடுத்தார். பிறகு ஆட்டோ பிடித்துக்கொண்டு சிக்கனமான கார் தேட ஆரம்பித்தார். நாவுலயில் ஒரு கார், கலேவெலயில் ஒரு கார், மறுபடியும் நாவுலயில் முதல் பார்த்த அதே கார். சிக்கனத்தைத் தேடி அவர் எரித்த பெற்றோலில் ஷெனாலியைக் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுத்திருக்கலாம். ஆனால் அது தேடுதற் செலவு; ஓட்டச் செலவு அல்ல. இரண்டும் வெவ்வேறு தலைப்பின் கீழ் வரும்.

கடைசியில் மர்சூக் நானாவே போனில் கோல் எடுத்தார்.

"சேர், உங்களுக்கெண்டே ஒரு சாமான் வந்தீக்கு. ஹைபிரிட். லேடி டொக்டர் ஒராள் ஓடின. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததத் தவிர வேற ஒண்டும் இல்ல."

மர்சூக் நானா விற்ற எல்லா வாகனங்களும் லேடி டொக்டர்கள் ஓட்டியவைதான். மாத்தளையில் அத்தனை லேடி டொக்டர்கள் இருந்திருந்தால் ஊரில் ஒருத்தருக்கும் தடிமன் காய்ச்சல்கூட வந்திருக்காது. காரை அவர் ரத்தோட்டைக்கும் மேலே, ஒரு மேட்டின் உச்சியில் நிறுத்தி வைத்திருந்தார்.

"ஏன் நானா, இவ்வளவு மேல கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"காத்தோட்டம் சேர். வாகனத்துக்கு நல்லம்."

ஞானரட்ணம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னத் திரையில் நீல நிறத்தில் ஓர் எண் மின்னியது. லீட்டருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதை அது பயணத்துக்குப் பயணம் கணக்குப் போட்டுச் சொல்லும். கார் மேட்டிலிருந்து இறங்க இறங்க எண் ஏறிக்கொண்டே போனது. இருபது, இருபத்தைந்து, முப்பது. ரத்தோட்டைக்கு வரும்போது முப்பத்திநாலு. ஞானரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெனாலி பிறந்தபோதும் இப்படித்தான் கலங்கியது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

"இறக்கம் எண்டதால இல்லயே நானா?"

"சேர், உலகத்துல ஏத்தம் எவ்வளவு ஈக்கோ அவ்வளவு இறக்கமும் ஈக்கு. நாங்க நல்லதத்தான் பார்க்கணும்" என்றார் மர்சூக் நானா. கந்தோரில்கூட இத்தனை தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை. ஞானரட்ணம் அந்த இடத்திலேயே காரை வாங்கிவிட்டார்.

இனித்தான் சங்கதியே. அவர் வீடு மேட்டில் இருந்தது. காரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீல எண் மளமளவென்று இறங்கிப் பதினொன்றில் வந்து நின்றது. மனுஷன் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடுத்த நாளிலிருந்து காரைக் கீழே சமதரையில், தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க வாங்க மேட்டில் நடந்து ஏறினார். ஏசி போட்டால் எண் குறையும், போடவில்லை. கண்ணாடியைத் திறந்தால் காற்று இழுத்துக் குறையும், திறக்கவில்லை. கந்தோரில் இறங்கும்போது கிணற்றில் விழுந்தவர் மாதிரி நனைந்திருப்பார். ஸ்பெயார் வீலைக் கழற்றினார். ஜாக்கியை இறக்கினார். கால் விரிப்பையும் அருள்மணியின் குடையையும் எடுத்து வீட்டில் வைத்தார். பிறகு அருள்மணியையும் வீட்டில் வைத்தார். சந்தைக்கு அவர் காரில் போனார். அவள் பஸ்ஸில் வந்து அங்கே சேர்ந்துகொண்டாள்.

"புருஷன் கார் வாங்கினதுக்கு அப்புறம் பஸ்ஸுல போற பொம்பள இந்த மாத்தளையிலயே நான் ஒருத்திதான்" என்றாள் அருள்மணி.

"தேசம் இருக்கிற நிலமையில எல்லாரும் தியாகம் செய்யத்தான் வேணும்" என்றார் ஞானரட்ணம். அது விரிவுரையில் வருகிற வரி.

கந்தோரில் அவர் மதிப்பு கிடுகிடுவென்று உயர்ந்தது. யோகேந்திரனே எழுந்து வந்து நீல எண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். மற்ற உத்தியோகத்தர்களும் குடைகளை இறக்கினார்கள், மனைவிமாரை இறக்கினார்கள். காலை நேர பஸ்களில் நெரிசல் கூடியது.

ஷெனாலி வில்கமுவயிலிருந்து கோல் எடுத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, எப்ப வாறீங்க? இடுப்பு வலிக்குது. டொக்டர் இனி அங்க வந்து இருக்கச் சொல்லிட்டாரு."

"இந்தா வாறேன் மகள். பாதை ஆராய்ஞ்சிக்கிட்டு இருக்கேன்."

பொய் இல்லை, ஆராய்ந்துகொண்டுதான் இருந்தார். வில்கமுவக்குப் போகும்போது மொத்தத்தில் இறக்கம், வரும்போது ஏற்றம். போகும்போது ஒருவர், வரும்போது ஷெனாலி, வயிற்றில் உள்ளது, உடுப்புப் பெட்டி. ஆகவே மகளைக் கூட்டப் போவதில் எந்தச் சிக்கலும் இல்லை, கூட்டி வருவதில்தான் சிக்கல் என்ற முடிவுக்கு வந்தார். "அவள நாவுல வரைக்கும் பஸ்ஸுல வரச் சொன்னா என்ன?" என்று ஒரு யோசனையை முன்வைத்தார்.

அருள்மணி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "புள்ளத்தாச்சிப் புள்ளய பஸ்ஸுல வரச் சொல்ற வாயப் பாரு! நாளைக்கு விடிய நீங்க போகல்லன்னா நான் நடந்தே போறேன். வழியில எனக்கு என்னமாச்சும் ஆனா, என் சவத்தயாவது அந்தக் கார்ல ஏத்துவீங்களா, இல்ல அதுவும் பாரமா?"

மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்தார். அந்த ஒரு நிமிஷத்தை அருள்மணி இன்றுவரை மன்னிக்கவில்லை.

விடியக் கிளம்பினார்கள். அருள்மணி தன் கைப்பையோடு வந்தாள். "இது ஒரு கிலோ வரும்" என்று ஞானரட்ணம் அதை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். அவள் போன் அதற்குள்தான் இருந்தது. ஞானரட்ணத்தின் போனில் சார்ஜ் இல்லை. காரில் சார்ஜ் போட்டால் எண் குறையும். மெதுவாக, ஒரே வேகத்தில், பின்னால் வந்த லொறியெல்லாம் ஏசிக்கொண்டே முந்திப்போக, நாவுலயைத் தாண்டினார்கள்.

அப்புறம் ஒரு நீண்ட இறக்கம் வந்தது. நீல எண் ஏற ஆரம்பித்தது. அதுவரை அவர் கண்ணால் காணாத எண்ணெல்லாம் வந்தது. ஞானரட்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் எதிரே ஒரு வாகனம், சளி பிடித்த எருமை கத்துவதுபோல் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை படபடவென்று ஆடியது.

"என்னங்க, அது நம்ம வேன் மாதிரி இல்ல?"

"மாதிரிதான்."

"யாரோ கையக் காட்டுறாங்களே, நிப்பாட்டுங்க!"

"இறக்கத்துல பிரேக் அடிக்கிறதா? நாவுலயில இதப் பத்தியே ஒரு மணித்தியாலம் பேசியிருக்கேன் அருள். பேசாம இரு. கண்ணாடியத் தொறக்காத."

வேன் தாண்டிப் போய்விட்டது. ஞானரட்ணம் நிறுத்தாமல் வில்கமுவ வரைக்கும் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். திரையைப் பார்த்தார். இலங்கைத் தீவில் எந்த உத்தியோகத்தரும் எடுக்காத எண் என்று அவருக்குப் பட்டது. "அருள், இங்க பாரேன்!" என்று திரும்பினார். அருள்மணி இறங்கிப் போய், பூட்டிக் கிடந்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாதான் சிங்களத்தில் விபரம் சொன்னார். விடிகிற நேரம் ஷெனாலிக்கு வலி கண்டுவிட்டதாம். ரொமேஷ் வாகனம் தேடி றோட்டுக்கு ஓடியபோது, ட்ரக்டர் ஒன்று விலை பேச வந்த ஒரு முஸ்லிம் மனுஷர் நீல வேனோடு நின்றாராம். "மாமாட வேன்!" என்று கத்திக்கொண்டு போய் மறித்தானாம். மெத்தையைப் போட்டு அவளை ஏற்றிக்கொண்டு அப்போதே மாத்தளைக்குப் போய்விட்டார்கள்.

அருள்மணி திரும்பி நடந்தாள். காரில் ஏறி, கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். ஏசியையும் போட்டாள். ஞானரட்ணம் தடுக்கவில்லை. ஏற்றம் முழுவதும் அக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தார். அந்தோனியாரே, புள்ளைக்கு ஒன்னும் ஆகக் கூடாது என்று வழிநெடுக வேண்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் நீல எண்ணைப் பார்க்காமல் கார் ஓட்டினார்.

மாத்தளை ஆஸ்பத்திரி வராந்தாவில் மர்சூக் நானா, ரொமேஷ், செய்தி கேட்டு ஜீப்பில் வந்த யோகேந்திரன், லேன் சனம் பாதி. அருள்மணி யாரையும் பார்க்காமல் உள்ளே ஓடினாள்.

"பயப்பட ஒண்டும் இல்ல சேர், நேரத்துக்கே வந்து சேந்திட்டம்" என்றார் மர்சூக் நானா. "வழியில உங்களக் கண்டு ஹோன் அடிச்சேன். நீங்க கண்டுக்கல்லயே."

ஞானரட்ணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நானா, இந்த வேன நீங்க இன்னும் விக்கல்லயா?"

"நல்ல வாகனத்த யாராச்சும் விப்பாங்களா சேர்?"

ஞானரட்ணத்துக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் யோகேந்திரன் அருகில் வந்து, தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்:

"அது சரி ஞானம், போகும்போது எவ்வளவு குடுத்திச்சு?"

ஞானரட்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைச் சொன்னார். வராந்தாவே வாயைப் பிளந்தது. "ஏசி இல்லாமலா?" என்றது ஒரு குரல். வேன் எவ்வளவு கொடுத்தது என்று லேன் சனம் மர்சூக் நானாவைச் சூழ்ந்துகொண்டது. டீசலுக்கும் ஹைபிரிட்டுக்கும் நடுவில் பெரிய வாக்குவாதம் கிளம்பியது. பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத நோயாளி ஒருவர், கையில் சேலைன் ஊசியோடு எழுந்து வந்து டீசல் பக்கம் சேர்ந்துகொண்டார். தகப்பனாகப் போகிற ரொமேஷ்கூட "டயர் காத்தயும் பார்க்கணும் மாமா" என்றான்.

அருள்மணி வார்ட்டு வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பொம்பளப் புள்ள" என்றாள். "யாருமே கேக்கல்ல. அதான் நானே சொல்லிட்டுப் போறேன்."

ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைக் குற்றம் சொல்கிற முகத்தோடு பார்த்தார்கள்.

இதை வாசிக்கிற நீங்கள் மட்டும் சிரிக்க வேண்டாம். ஞானரட்ணம் சொன்ன எண் என்னவென்றுதானே நீங்களும் இவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்? முப்பத்தெட்டு தசம் இரண்டு. தாயும் பிள்ளையும் சுகம்; அதை நீங்கள் கேட்கவே இல்லை.