தோல் இறுகும் வரை

செடி முழுதாகச் செத்துப்போகும் வரை மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுப்பதில்லை என்று பல்செட்காரர் சபதம் எடுத்துக்கொண்டார். சாட்சி அவர் மனைவி. ஊரில் பாதிப் பேரைக் கைநீட்டி உலகத்துக்குள் வாங்கிப் போட்ட மருத்துவச்சி. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

வீட்டுக்குப் பின்னால் மதிலோரம் காலியிடம் ஒன்று இருந்தது. அங்கே ஓர் அறை கட்டி, வெளியூரில் தனியாகக் கிடக்கும் அக்காவை அழைத்து வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. அக்கா வாயைத் திறந்தால் வீட்டில் மற்ற யாரும் திறக்க முடியாது என்பது அவர் பயம். அதனால் அவசர அவசரமாக அந்த இடத்தில் உருளைக்கிழங்கு நட்டார்.

"இந்த மண்ணு ஒரு கூடைக் கிழங்கு குடுத்துட்டா இடம் எனக்கு. குடுக்கலைன்னா உங்க அக்காவுக்கு."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"பல்லு கட்டறவன் பேச்சு. ஆடாது."

செடிகள் வளர, தண்டுகளைச் சுற்றி மண்ணை அணைத்தார். வரிசையாக நீள நீளமான மேடுகள். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அவைதான் தெரியும்.

"யாரைப் புதைச்சு வெச்சிருக்கீங்கன்னு கேக்கப் போறாங்க" என்றாள் அவள்.

வெள்ளைப் பூக்கள் வந்தன, உதிர்ந்தன.

"இளங்கிழங்கு இருக்கும். இப்பவே எடுக்கலாம்."

"பூ உதிர்ந்தா ஆயிடுச்சா? இலை மஞ்சளாகணும். தண்டு சாயணும். அது செத்தப்புறமும் தோல் இறுகறதுக்கு விடணும். அச்சை முன்கூட்டித் திறந்தா பல்வரிசை கோணிக்கும்டி."

"ஒரு உசிரு எப்ப போகும்னு நாற்காலி போட்டு உக்காந்திருக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"உனக்குக் காத்திருக்கத் தெரியாது."

"எனக்கா?" அவள் சிரித்துக்கொண்டாள். "வலி எடுத்தவ பக்கத்துல உக்காந்து காத்திருக்கறதுதான் என் பொழைப்பே. ஆனா வர்றது வந்துடுச்சுன்னா கை நீட்டணும். சொல்லிட்டேன்."

அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. வாரம் தவறாமல் துணிப்பையை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனாள். அங்கே போய் இருந்துவிட்டு வரட்டும், அக்கா இங்கே வராமல் இருந்தால் சரி என்று இவரே பஸ் ஏற்றிவிட்டார்.

பட்டறையிலிருந்து திரும்பும் மாலைகளில் மேடுகளின் அருகே போய் நிற்பார். மண்ணில் விரிசல் கண்டிருந்தது. உள்ளே கிழங்கு பருக்கிறது. கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார். கெட்டியாக, உருண்டையாக, ஒரு முழங்கால் முட்டி மாதிரி எதிர்த்தது. மகிழ்ச்சியில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் மாலை விரிசல் இல்லை. மண் வழவழவென்று மூடியிருந்தது, தூங்குகிறவர் மேல் யாரோ போர்வையை இழுத்துவிட்ட மாதிரி. அதே இடத்தில் அழுத்தினார். விரல் போயிற்று. உள்ளங்கை போயிற்று. மணிக்கட்டு வரை போன பிறகும் உள்ளே எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் குளிர்ச்சி. காற்றில்லை, ஆனால் கடைசிச் செடி மட்டும் மெல்லத் தலையாட்டிற்று.

கையை உருவிக்கொண்டு உள்ளே போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். மனைவியிடம் சொல்லவில்லை. ஆண்பிள்ளை.

ஒருநாள் தலைவலி என்று மத்தியானமே வீடு திரும்பினார். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மனைவி மேட்டருகில் மண்டியிட்டிருந்தாள். வலது கை முழங்கை வரை பூமிக்குள். கண்கள் மூடியிருந்தன. அந்த முகத்தை அவர் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. வெகுதூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற முகம்.

"வா... அவசரமில்ல... மெதுவா வா..."

அவர் கையிலிருந்த சாவி நழுவிற்று. அவள் கண்ணைத் திறந்தாள். மடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நிறைமாதக்காரி போல மெல்ல எழுந்து உள்ளே வந்தாள். பயத்தில் கால் தொய்ந்துவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டார்.

"என்னடி பண்ணின அங்க?"

"கிழங்கு எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

அவள் குரல் தாழ்ந்தது. "உள்ள என்னமோ இருக்குங்க. என் கையைப் பிடிச்சுது."

அன்றிலிருந்து அவர் படுக்கையறை ஜன்னலைத் திறப்பதில்லை. இருந்தாலும் சபதம் சபதம்தான். இலைகள் மஞ்சளாயின. தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து காய்ந்தன. தோல் இறுகட்டும் என்று மேலும் விட்டார். தோல் ஒரு சாக்கு. மண்வெட்டியைத் தொடவே கை வரவில்லை.

கடைசியில் ஒரு காலை, பனி கலையுமுன், மனைவியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முதல் மேட்டைப் பிளந்தார். விதைக்கு வைத்த பழைய கிழங்கு மட்டும் கிடந்தது. சுருங்கி, கறுத்து, பல்செட்டைக் கழற்றிவைத்த கிழவரின் வாய் போல உள்வாங்கி. அடுத்த மேட்டிலும் அதுதான். அதற்கடுத்ததிலும். வெள்ளை வேர்க்கொடிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியும் சுத்தமாக அறுபட்டிருந்தது.

அவர் ஒரு கொடியைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில்காரர் கண்.

"எலியோ?" என்றாள் அவள்.

"எலியில்ல. பெருச்சாளியும் இல்ல. பல்லுத் தடம் இருந்தா எனக்குத் தெரியாதா? இதுல ஒரு பல்லும் படல." கொடியைக் கீழே போட்டார். "தின்னது எதுவோ, அதுக்குப் பல்லே கிடையாது."



"ஆள் புழங்காத இடம்ங்க" என்றாள் அவள் மெதுவாக. "விளக்கெரிஞ்சு, நாலு வார்த்தை பேச்சுச் சத்தம் கேட்டா எதுவும் அண்டாது."

"உங்க அக்கா நல்லாவே பேசுவாங்க இல்ல?"

"நிறுத்தாம பேசுவா."

கொத்தனாரை அவரே போய்க் கூட்டிவந்தார். அஸ்திவாரம் ஆழமாகப் போகட்டும் என்று அவரே நின்று சொன்னார். சுவர் எழுந்து, கூரை ஏறி, சுண்ணாம்பு காய்ந்ததும் அக்கா வந்து இறங்கினாள். அவளைக் கண்டு அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா புது அறையைச் சுற்றிப் பார்த்தாள், அவர் தலையில் கைவைத்தாள், ஈறு தெரியச் சிரித்தாள்.

"வரவேண்டாம்னுதான் இருந்தேன் மாப்பிள்ளை. பல்லில்லாதவ மெல்லறதுக்குன்னு பாத்துப் பாத்து இளசா எடுத்து, கூடைக்கு மேலயே உருளைக்கிழங்கு குடுத்து விட்டீங்களே, அதுல மனசு கரைஞ்சு போச்சு."